பஞ்ச்கனியில் படித்த பார்சி பையன், உலக ராக் மேடையின் ராஜபார்ட் ஆனது எப்படி?

திருவாடானை பக்கம் கோயில் திருவிழான்னா, ராத்திரி நாடகம் இல்லாம இருக்குமா? பத்து மணிக்கு மேல ஆர்மோனியம் ஆரம்பிக்கும். 'வள்ளி திருமணம்' விடிய விடிய ஓடும். ராஜபார்ட் சட்டுன்னு மேடைக்கு வந்துட மாட்டார். முதல்ல திரைக்குப் பின்னால இருந்து குரல் மட்டும் வரும். தூங்கி வழிஞ்ச கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அதுக்கப்புறம்தான் ஜிகினா உடுப்போட ஆள் வருவார்.

கிட்டத்தட்ட இதே வித்தையை வைத்து லண்டன் வெம்ப்லி ஸ்டேடியத்தை ஆண்டவர் ஒருத்தர் உண்டு. கிரீடம், ராஜ அங்கி எல்லாம் போட்டு மேடையில் நின்றவர். 'குயீன்' இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி. அவருடைய பள்ளிப் பருவம் கழிந்தது இந்தியாவில்தான் என்பது தெரியுமா?

யார் இந்த ஃப்ரெடி?

இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5 அன்று, கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் பிறந்தார். பெற்றோர் குஜராத்திலிருந்து போன பார்சிகள். அப்பாவுக்கு பிரிட்டிஷ் அரசாங்கத்தில் காசாளர் வேலை.

எட்டு வயதில் மகனைக் கப்பலேற்றி, மகாராஷ்டிராவின் மலை ஊரான பஞ்ச்கனிக்கு அனுப்பினார்கள். செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் ஹாஸ்டல் வாழ்க்கை. எடுப்பான பல்லைச் சொல்லி மற்ற பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் பியானோ முன்னால் உட்கார்ந்தால் கதையே வேறு. 12 வயதில் நண்பர்களோடு 'தி ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். 'ஃப்ரெடி' என்ற பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

1963-ல் சான்சிபார் திரும்பினார். அடுத்த ஆண்டே அங்கே புரட்சி வெடித்தது. உயிர் பிழைத்தால் போதும் என்று குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை டிசைன் படித்தார், ஹீத்ரோ விமான நிலையத்தில் மூட்டை தூக்கினார், கென்சிங்டன் சந்தையில் பழைய துணி விற்றார்.

1970-ல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவரோடும் சேர்ந்து தொடங்கியதுதான் 'குயீன்'. அடுத்த ஆண்டு ஜான் டீக்கன் வந்ததும் அணி முழுமையானது. குழுவின் சின்னத்தை வரைந்ததும் ஃப்ரெடிதான். படித்த படிப்பு வீண் போகல!

தியேட்ரிக்கல் ராக்னா என்ன?

சிம்பிளா சொன்னா, பாட்டோடு நாடகமும் சேர்ந்த ராக். வேஷம், ஒளி, கதாபாத்திரம் எல்லாம் இருக்கும். அமெரிக்காவின் ஆலிஸ் கூப்பர் மேடையில் தலை வெட்டும் இயந்திரத்தையே கொண்டு வந்தார். 'கிஸ்' குழு முகம் முழுக்கச் சாயம் பூசியது. டேவிட் போவி 1972-ல் 'ஜிக்கி ஸ்டார்டஸ்ட்' என்ற வேற்றுக்கிரகப் பாத்திரமாகவே மாறினார்.

ஃப்ரெடியின் ரூட் தனி. அவர் நாடகத்தைப் பாட்டுக்குள்ளேயே வைத்தார். 1975-ல் வந்த 'பொஹீமியன் ராப்சடி'யைக் கேட்டுப் பாருங்க. மெதுவான பாட்டாகத் தொடங்கி, நடுவில் ஓபராவாகி, பிறகு ராக்காக வெடித்து, கடைசியில் அடங்கும். ஒரே பாட்டுக்குள் நாலு காட்சி. கிட்டத்தட்ட 6 நிமிடம் ஓடும் இதை ரேடியோவில் யார் போடுவார்கள் என்று ரெக்கார்டு கம்பெனி தயங்கியது. கென்னி எவரெட் என்ற ரேடியோ தொகுப்பாளர் ஒரே வார இறுதியில் 14 முறை போட்டதாகச் சொல்வார்கள். பிரிட்டனில் தொடர்ந்து 9 வாரம் முதலிடம்!

அந்த 20 நிமிடத்தில் என்ன நடந்தது?

1985 ஜூலை 13. எத்தியோப்பியா பஞ்சத்துக்கு நிதி திரட்ட 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி. வெம்ப்லியில் சுமார் 72,000 பேர்.

அப்போது குயீன் மீது ஒரு கறையும் இருந்தது. முந்தைய ஆண்டு, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் கச்சேரி செய்ததால் கடும் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தார்கள்.

மேடைக்கு வந்த ஃப்ரெடியிடம் அன்று கிரீடமும் இல்லை, ஜிகினாவும் இல்லை. வெள்ளை பனியன், ஜீன்ஸ், கையில் பாதி மைக் கம்பி. ஆரம்ப காலக் கச்சேரி ஒன்றில் கம்பி உடைந்துபோக, அதையே தன் ஸ்டைலாக்கிக்கொண்டவர் அவர். நடுவில் இசையை நிறுத்திவிட்டு, வெறும் குரலால் ஒரு இழுப்பு இழுத்தார். கூட்டம் திருப்பிப் பாடியது. இன்னொரு இழுப்பு, அதற்கும் பதில் வந்தது. நம்ம ஊர் நாடகத்தில் ஆர்மோனியக்காரர் பின்பாட்டு பாடுவாரே, அந்த வேலையை அன்று ஸ்டேடியமே செய்தது. ராக் வரலாற்றின் சிறந்த மேடை நிகழ்ச்சி எது என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்த 20 நிமிடம்தான் முதலில் பேசப்படுகிறது.

படத்தில் காட்டியது உண்மையா?

2018-ல் வெளிவந்து 4 ஆஸ்கர் வென்ற 'பொஹீமியன் ராப்சடி' படத்தில், லைவ் எய்டுக்கு முன்பே தனக்கு எய்ட்ஸ் இருப்பதை ஃப்ரெடி நண்பர்களிடம் சொல்வதாக ஒரு காட்சி வரும். நிஜத்தில் அவருக்கு எச்.ஐ.வி. உறுதியானது 1987-ல். கதைக்காகத் தேதியை முன்னால் இழுத்திருக்கிறார்கள்.

ஏன் மறைத்தார்?

மேடையில் எதையும் ஒளிக்காதவர் போலத் தெரிந்தவர், மேடைக்கு வெளியே நிறைய ஒளித்தார். சான்சிபார், இந்தியா பற்றி அதிகம் பேசியதில்லை. பாலியல் அடையாளம் பற்றிய கேள்விகளைச் சிரித்தே நழுவவிட்டார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள். 1991 நவம்பர் 23 அன்று, தனக்கு எய்ட்ஸ் இருப்பதாக அறிக்கை விட்டார். மறுநாள் இறந்துபோனார். வயது 45. இறுதிச் சடங்கைச் செய்தவர்கள் பார்சி குருமார்கள். வாழ்நாளெல்லாம் பின்னால் தள்ளி வைத்த அடையாளம் கடைசியில் கூடவே வந்தது.

முன்னாடியே சொல்லியிருந்தா எத்தனையோ பேருக்குத் தைரியம் வந்திருக்குமே? நியாயமான கேள்விதான். ஆனா அந்தக் காலத்தையும் பார்க்கணும். நம்ம சென்னையிலேயே, 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது நாடே அதிர்ந்தது. நோயைவிட வேகமாகப் பரவியது பயமும் வெறுப்பும்தான். நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்து சிகிச்சை 1996 வாக்கில்தான் வந்தது. ஃப்ரெடிக்கு அது அஞ்சு வருஷம் லேட்.

அவர் மறைவுக்குப் பிறகு நண்பர்கள் தொடங்கிய 'மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை' இன்றும் எய்ட்ஸுக்கு எதிராக வேலை செய்கிறது. இங்கேயும் நிலைமை மாறிவிட்டது. அரசு மருத்துவமனை 'நம்பிக்கை மைய'த்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். கூட்டு மருந்தும் இலவசம். பாதிக்கப்பட்டவரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்குவதை 2017-ல் நிறைவேறிய சட்டம் தடை செய்கிறது. சந்தேகம் இருந்தா 1097-க்கு போன் பண்ணலாம்.

விடிஞ்சதும் நம்ம ராஜபார்ட் வேஷத்தைக் கலைச்சுட்டு, பெட்டியோட பஸ் ஸ்டாப்ல நிப்பார். டீக்கடையில அவரைப் பார்த்து யாரும் முகம் திருப்ப மாட்டாங்க. வேஷம் கலைச்சு அப்படி நிற்க ஃப்ரெடிக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள்தான்.