வெந்நீர் ஊற்றும் டோலியும்

கல்வராயன் மலையின் மேகம், பெரியார் அருவிகளைப் பெரிய சுற்றுலாத் தலங்களாக்கிவிட்டால் மலைமக்களின் வறுமை தீர்ந்துவிடும் என்ற பேச்சைத் திருக்கோவிலூரில் அடிக்கடி கேட்கிறேன். நீரும் குளிர்காற்றும் தாமாகவே செல்வத்தைக் கொண்டுவந்துவிடுமா? பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில், இக்கேள்விக்கான விடையை இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவின் வரலாற்றில் காண்கிறேன்.

மடகாஸ்கருக்குக் கிழக்கேயுள்ள இந்தப் பிரெஞ்சுத் தீவு எரிமலைகளால் உருவானது. அவற்றுள் ஒன்று இன்றும் நெருப்பைக் கக்குகிறது. மற்றொன்றான பிட்டோன் தெ நேஜ், ஏறத்தாழ 3,070 மீட்டர் உயரமுள்ளது. நெடுங்காலமாக உறங்கிக் கிடக்கிறது. ஆயினும் அதன் அடியில் வெப்பம் எஞ்சியிருக்கிறது. பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கும் மழைநீர், அங்கே சூடேறி, தாது உப்புகளையும் கரியமில வாயுவையும் ஏந்திக்கொண்டு ஊற்றாக மேலே வருகிறது.

அம்மலையைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகள், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடங்கள். அவற்றுள் ஒன்றான சிலாவோஸில், ஆட்டு வேட்டைக்குச் சென்ற போலேன் தெஷேர் என்பவர் 1815-இல் வெந்நீர் ஊற்றைக் கண்டார் என்பது பதிவு. சலாசி பள்ளத்தாக்கின் ஊற்று 1830-களின் தொடக்கத்தில் அறியப்பட்டது. அதையொட்டி எழுந்த ஊர், ஆளுநர் தெ எல்லின் பெயரால் எல்பூர் எனப்பட்டது. கடலோரத்தின் புழுக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் நீராடவும் உடல் தேறவும் அங்கே வந்தனர்.

எப்படி வந்தனர் என்பதே முக்கியம். சிலாவோஸுக்கு மோட்டார் சாலை வந்தது 1932-இல்தான். அதுவரை செங்குத்தான மலைப்பாதையில் செல்வர்களை நாற்காலியில் அமர்த்தி, ஏழைத் தொழிலாளர் தோளில் சுமந்தே ஏற்றினர். அச்செல்வர்களின் பணமும் பிறர் உழைப்பில் விளைந்ததே. 1848 வரை கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். அதன்பின், நமக்கு அருகிலுள்ள புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் அந்த இடத்தை நிரப்பினர். அவர்களுள் மிகப் பலர் தமிழர். தாயகத்திலிருந்து அவ்வாறு ஆளனுப்புவதை 1882-இல் ஆங்கில அரசு நிறுத்தியது. நீர் இயற்கையின் கொடை. நீராடும் வசதியோ கரும்பு வயலின் வியர்வை.

அந்த அடித்தளம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல்கள் வேறு வழியில் சென்றன. சர்க்கரைத் தொழிலும் தளர்ந்தது. எஞ்சியிருந்ததை 1948-ஆம் ஆண்டுச் சூறாவளி அழித்தது. சிலாவோஸின் குளியல் கூடம் சிதைந்தது. எல்பூர் ஊற்று தூர்ந்துபோனது. எல்பூர் இன்று பழைய மரவீடுகளின் அழகால் பயணிகளை ஈர்க்கிறது, வெந்நீரால் அன்று.

சிலாவோஸ் மட்டும் மீண்டது. 1980-களின் பிற்பகுதியில் அங்கே புதிய நீர்ச்சிகிச்சை நிலையம் எழுந்தது. 1946-இல் ரீயூனியன் பிரான்சின் முழுமையான மாவட்டமாகிவிட்டதால், மருத்துவர் பரிந்துரைத்தால் வெந்நீர்ச் சிகிச்சைக்கு உதவும் பிரெஞ்சுச் சமூகக் காப்பீடு அத்தீவினருக்கும் உண்டு. ஒரு காலத்தில் முதலாளியின் உல்லாசமாக இருந்த ஊற்று, மூட்டுவலியால் வாடும் எளியவரின் உரிமையாக மாறியது. இம்மாற்றத்தைச் செய்தது ஊற்றன்று, சாலையும் காப்பீடும்.

இனி நம் மலைக்கு வருவோம். 2024-இல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையற்ற சிற்றூர்களிலிருந்து நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் டோலி கட்டித் தூக்கிச் செல்லும் செய்திகளை நாளேடுகளில் படித்து வருகிறோம். சிலாவோஸில் செல்வரை ஏழையர் சுமந்தனர். இங்கே ஏழையை ஏழையே சுமக்கிறார்.

அருவிக்குச் சாலை போடுவதில் தவறில்லை. ஆனால் அச்சாலை முதலில் சென்று சேரவேண்டிய இடம் அருவிக்கரையா, டோலி புறப்படும் சிற்றூரா என்பதை முடிவு செய்தாக வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஊராட்சிக்குப் பங்கு, கடைகள் நடத்துவதில் மலைவாழ் மக்களுக்கு முதலுரிமை ஆகியவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல் அருவி பயணிகளுக்கும், டோலி மலைமக்களுக்கும் என்றே ஆகிவிடும்.