பாரும் பாங்கும்

‘பார்’, ‘பாங்க்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் தம்முள் உறவில்லாதவை. ஆயினும் மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு இரண்டும் நாள்தோறும் வேண்டியவை. இவை ஏற்கும் பொருள்களைச் சிறிது நோக்குவோம்.

‘பார்’ என்பதன் அடிப்படைப் பொருள் குறுக்கே கிடக்கும் கட்டை அல்லது தடை என்பதாம். நீதிமன்றத்தில் நீதிபதியின் பகுதியை மறித்து நின்ற மரத்தடுப்பினால் சட்டத்தரணிகள் குழாம் அப்பெயர் பெற்றது. விற்பவனுக்கும் குடிப்பவனுக்கும் இடையே நின்ற பலகையினால் மதுக்கடை அப்பெயர் பெற்றது. ஆற்றுவாயை அடைக்கும் மணல்மேடும் தடையே ஆதலின் அதுவும் ‘பார்’ ஆயிற்று. மாரி வெள்ளம் வயல்களை மூடும்போது முகத்துவாரம் வெட்டுகின்றோமன்றோ? அங்கே வெட்டப்படுவது இந்தப் பாரேயாம். நம் நகரின் பார் வீதியும் டச்பாரும் இப்பொருளையே தாங்கி நிற்கின்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலைக்குப் பல உயிர்களைப் பறிகொடுத்த டச்பாரின் பெயரைப் புதிதாக வருவோர் மதுக்கடையோடு சேர்த்து நகைப்பாராயின், அது எத்துணை வருந்தத்தக்கது!

‘பாங்க்’ என்பதோ பலகையாசனத்தைக் குறித்த பழைய சொல்லின் வழிவந்தது. இத்தாலிய நாணயமாற்றுவோர் பணம் பரப்பிய பலகையே நாளடைவில் பணநிலையத்துக்குப் பெயராயிற்று. உயர்ந்த ஆற்றங்கரையும் அப்பெயரையே பெற்றது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தபின் நம் உழவர் நன்கறிந்த ‘இடதுகரை’ என்பது இப்பொருள் பற்றியதே. அதனை ‘இடது வங்கி’ என மொழிபெயர்த்தால் வயலுக்கு நீர் வருமா? வைத்தியசாலையில் குருதி சேமிக்கும் இடமோ ‘இரத்த வங்கி’யேயன்றி ‘இரத்தக் கரை’ ஆகாது.

இனி ஒரு புதுமை காண்க. மன்னார்க் கடலில் முத்துச்சிப்பி விளையும் திட்டுகளை ஆங்கிலேயர் ‘பாங்க்’ என்றனர். தமிழரோ அவற்றைப் ‘பார்’ என்றே வழங்கினர். ஆங்கிலப் ‘பாங்க்’ இங்கே தமிழ்ப் ‘பார்’ ஆகின்றது; எனினும் அது ஆங்கிலப் ‘பார்’ அன்று! தமிழில் ‘பார்’ உலகத்தையும் குறிக்கும். காண் என்னும் ஏவலுமாகும். ‘பாங்கு’ என்றால் நமக்கு இயல்பும் அழகும் நினைவுக்கு வரும். காத்தான்குடியிலோ அது பள்ளிவாசலில் எழும் தொழுகை அழைப்பு. பாரசீகத்திலிருந்து வந்த சொல்.

ஆகவே, அகராதியில் முதலில் நிற்கும் பொருளையே பற்றிக்கொள்ளுதல் ஆகாது. மொழிபெயர்க்கும் மாணவரும், அரசாங்கக் கடிதம் எழுதுவோரும், ஒரு சொல்லின் பக்கத்தில் நிற்கும் சொல் யாது, அது வழங்கும் இடம் யாது என்பனவற்றை முதலில் கேட்பாராக. பொருள் தானே விளங்கும்.