வலிப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி பாதிக்குமா?

மூளையில் ஓடும் மின் துடிப்பு திடீர்னு தாறுமாறாவதால் வருவதுதான் வலிப்பு. பேய் பிடிக்கிறது இல்ல, ஒட்டுகிற நோயும் இல்ல. ஆனால் பாதிப்பு ஆளுக்கு ஆள் மாறும்.

தூக்கத்தில் மட்டும் வருகிறவருக்குப் பகல் வேலை அவ்வளவாகக் கெடாது. பகலில் சொல்லாமக் கொள்ளாம வந்தால் அடுப்பு, கிணறு, சைக்கிள் எல்லாமே ஆபத்து. மாத்திரையை விட்டாலும், ராத்திரி கண் முழித்தாலும் வலிப்பு கூடும். சரியான சிகிச்சை கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பு வராமலே வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எங்க தெரு அக்கா ஒருத்தங்களுக்கு வருஷத்துல ஒரு தடவைதான் வரும். ஆனா ஊர் பேசும்னு பயந்து எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டாங்க. நோயைவிட இதுதான் பெரிய பாதிப்புன்னு எனக்குத் தோணுது. கல்யாணத்துக்குத் தடைன்னு இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வலிப்பையே 1999-ல் நீக்கிட்டாங்களே!

பக்கத்தில் இருப்பவர்களைப் பொறுத்தும் பாதிப்பு மாறும். யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு திணிக்காதீங்க. வாயில் எதுவும் வைக்காதீங்க. தலைக்கு அடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைங்க. 5 நிமிஷத்துக்கு மேல் நிற்கலைன்னா உடனே 108-க்குப் போன் பண்ணணும்.