கழல மறுக்கும் ஸ்டீரிங்! கையோடு வரும் ஸ்டீரிங்! பழைய கார்க்காரர்களே, உஷார்!

நட்டைக் கழட்டியாச்சு. ஸ்டீரிங் வரவில்லை.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாச்சு. முழங்காலை முட்டுக் கொடுத்து இழுத்தாச்சு. ஊஹூம்! அசைந்து கொடுக்கவில்லை.

"இன்னாண்ணே, மதியத்துக்குள்ள ஆயிடுமா? சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலம் இருக்குது" என்று கார்க்காரர் கையைப் பிசைவார்.

"இருங்க சார். உங்க மாப்பிள்ளையை விட இது முறுக்கா இருக்குது" என்பார் மெக்கானிக்.

வில்லியனூர், பாகூர் பக்கம் ரோட்டோர ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய அம்பாசடர் வந்து நின்றால் நடக்கும் கூத்து இது. ஆனால் கூத்து என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. இதில் அவசரப்பட்டால் பல் போகும். அசந்தால் உயிரே போகும்!

ஏன் கழட்டணும்?

வெயிலில் காய்ந்து ஸ்டீரிங் வட்டம் விரிசல் விட்டிருக்கும். ஹாரன் அடிக்காது. இண்டிகேட்டர் சுவிட்ச் வேலை செய்யாது. உள்ளே புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். இப்படி எந்தக் கோளாறு என்றாலும் பெரும்பாலும் முதல் வேலை ஸ்டீரிங்கைக் கழட்டுவதுதான்.

இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்துச் செய்த கார் அம்பாசடர். மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. 1950-களின் கடைசியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸ் நாட்டு பெஷோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரெஞ்சு உறவு விடாது போலிருக்கிறது!

ஆக, கடைசியாக வந்த அம்பாசடருக்கே பத்து வயது தாண்டிவிட்டது. பல வண்டிகளில் ஸ்டீரிங் ஒரு தடவைகூடக் கழட்டப்படாமல் இருக்கும். பிடிவாதம் பிடிக்காமல் என்ன செய்யும்?

உப்புக் காத்து

ஸ்டீரிங் வட்டத்தின் நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டையின் உள்பக்கம் சுற்றிலும் பல் பல்லாக வெட்டியிருக்கும். கீழே இருந்து வரும் இரும்பு ஷாப்டின் தலையிலும் அதே மாதிரி பல். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து உட்காரும். மேலே நட் போட்டு இறுக்குவார்கள். அதை ஹாரன் பட்டன் மூடிக்கொள்ளும்.

இந்தப் பல் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் போகும்.

ஆனால் வருஷக் கணக்கில் கை வியர்வை, மழை ஈரம் எல்லாம் உள்ளே இறங்குகிறது. பாகூர் கொம்யூனில் மணப்பட்டு, நரம்பை, பனித்திட்டு பக்கம் என்றால் கடல் உப்புக் காத்து வேறு. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சிமெண்ட் போட்டு அடைத்த மாதிரி ஆகிவிடும்.

வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டும் எடுக்கிற வண்டிக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும்.

மூக்கு உடையும்

முதல் தப்பு, நட்டை முழுசாகக் கழட்டி வைத்துவிட்டு இழுப்பது.

பலம் கொண்ட மட்டும் இழுக்கும்போது துரு திடீரென்று விட்டுக்கொடுக்கும். அவ்வளவுதான்! ஸ்டீரிங் பறந்து வந்து நேராக முகத்தில் மோதும். மூக்கு உடையும். முன் பல் போகும்.

அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி அப்படியே விட்டுவிடுவார்கள். ஸ்டீரிங் கழன்றாலும் நட்டில் வந்து தட்டி நின்றுவிடும். சின்ன விஷயம். ஆனால் முகத்தைக் காப்பாற்றும் விஷயம்.

சம்மட்டி வேண்டாம்

இரண்டாவது தப்பு சம்மட்டி.

"ரெண்டு போடு போட்டா வந்துடும்" என்று ஷாப்டின் தலையில் அடிப்பார்கள். தலை நசுங்கி மரை கெட்டுவிடும். அப்புறம் நட் ஏறாது. அடியின் அதிர்ச்சி ஷாப்ட் வழியாகக் கீழே ஸ்டீரிங் பாக்ஸ் வரை இறங்கி பேரிங்கையும் பதம் பார்க்கும். மரை கழண்டது ஷாப்டா, அடித்தவரா என்று கேட்கத் தோன்றும்!

அம்பாசடருக்குப் பின்னால் வந்த பல கார்களில் ஆபத்து இன்னும் பெரிது. பழைய கார்களில் ஸ்டீரிங் தண்டு ஒரே விறைப்பாக இருக்கும். நேருக்கு நேர் மோதினால் ஈட்டி மாதிரி டிரைவரின் மார்பில் பாயும். இதைத் தடுக்க, மோதியவுடன் தானே சுருங்கிக்கொள்ளும் ஸ்டீரிங் தண்டை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் கொண்டுவந்தது. ஸ்டீரிங் டிரைவரைக் குத்தாமல் காப்பதற்கான விதிகளும் 1968 ஜனவரி 1 முதல் அந்த நாட்டில் அமலுக்கு வந்தன. பிறகு உலகம் பூராவும் இந்த முறை பரவியது.

அந்தத் தண்டுகளில் பலவற்றை உள்ளே சின்ன பிளாஸ்டிக் முளைகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் முளை உடையும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டியும் ஓடும். விபத்து நடக்கும் அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும்!

நண்டுக் கொடுக்கு

சரி, எப்படித்தான் கழட்டுவது?

முதலில் பேட்டரி ஒயரை எடுத்துவிட வேண்டும். முன் சக்கரங்களை நேராக வைக்க வேண்டும். ஹாரன் பட்டனை எடுத்த பிறகு, ஷாப்டுக்கும் ஸ்டீரிங்குக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டு அடையாளம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிடும். வண்டி நேராகப் போகும், ஸ்டீரிங் மட்டும் கோணிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது துரு எண்ணெய். பல் இருக்கும் இடத்தில் விட்டு ராத்திரி பூரா ஊற விட வேண்டும். அதனால்தான் கல்யாண வண்டியை அன்றைக்குக் காலையில் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது.

பிறகு வருவது 'புல்லர்'. நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு கால், நடுவில் ஒரு திருகு. கால்கள் ஸ்டீரிங்கின் நடு இரும்பை அடியில் கவ்விக்கொள்ளும். சில கார்களில் போல்ட் மாட்ட நடு இரும்பிலேயே மரை போட்ட ஓட்டை இருக்கும். நடுத் திருகு ஷாப்டின் தலையில் நிற்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்டீரிங் மேலே வந்துவிடும்!

கம்பியிலோ வெளி வட்டத்திலோ கொடுக்கை மாட்டினால் வட்டம் நெளிந்துவிடும். கேஸ் நெருப்பு காட்டுவதும் ஆபத்து. பிளாஸ்டிக் உருகும், ஊற்றிய எண்ணெய் தீப்பிடிக்கும்.

ஏர்பேக் இருக்கும் காரில் இந்த வேலையை ரோட்டோரத்தில் செய்யவே கூடாது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் விற்கும் புதுக் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அது ஸ்டீரிங்கின் நடுவில்தான் இருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். அதற்குப் பயிற்சி எடுத்தவர்கள் கையில்தான் விட வேண்டும்.

14 லட்சம் கார்!

கழட்டியாச்சு, வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் மோசம். உயிர் இருப்பது திரும்ப மாட்டுவதில்.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் போர்டு கம்பெனி ஏறக்குறைய 14 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம்? ஸ்டீரிங்கைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து, ஓடும்போதே ஸ்டீரிங் கழன்றுவிடலாம் என்ற பயம். இதனால் 2 விபத்து, ஒருவருக்குக் காயம் என்று கம்பெனியே சொன்னது.

2023 மார்ச்சில் டெஸ்லா கம்பெனியின் 'மாடல் ஒய்' கார்கள் பற்றி அமெரிக்க அரசு விசாரணையில் இறங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டீரிங் கையோடு வந்துவிட்டதாக 2 புகார்கள். அந்தக் கார்களில் போல்ட்டே மாட்டாமல் விற்றிருந்தார்கள்!

போல்ட் இல்லாமல் அதுவரை எப்படி ஓடியது? வெறும் பல்லின் இறுக்கம்தான் பிடித்து வைத்திருந்தது. அம்பாசடரில் மெக்கானிக்கைப் பாடாய்ப் படுத்தும் அதே இறுக்கம், அங்கே போல்ட் இல்லாததையே மறைத்துவிட்டது.

இதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி. நட் இல்லாமலும் ஸ்டீரிங் கொஞ்ச நாள் ஓடும். ஓடுகிறதே என்று நம்பக்கூடாது.

மாட்டும்போது பல்லில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். வளைத்துவிட்ட பழைய வாஷர் இருந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும். நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். காலி இடத்தில் மெதுவாக ஓட்டி, இடமும் வலமும் முழுசாகத் திருப்பிப் பார்த்த பிறகே மெயின்ரோட்டுக்கு வர வேண்டும்.

தேரும் காரும்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோவில் தேருக்கு ஸ்டீரிங் கிடையாது. கவர்னரே வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். வடம் பிடிப்பவர்களின் படம் பேப்பரில் வரும். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஆட்களின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் படம் வராது.

காரில் அந்த முட்டுக்கட்டைதான் ஸ்டீரிங் நட். ஹாரன் பட்டனை மாட்டிவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

எனவே கார்க்காரர்களே! ஒர்க்‌ஷாப்பில் எவ்வளவு அவசரம் இருந்தாலும், ஹாரன் பட்டனை மூடுவதற்கு முன் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"அண்ணே, நட்டு டைட்டா இருக்குதா?"

நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். இன்னொரு தரம் ஸ்பேனரைப் போட்டுக் காட்டுவார்.