வெள்ளாட்டுக்கு ஒரு கறவை மேடை

வெள்ளாட்டை ஏழையின் பசு என்று சொல்வதுண்டு. ஆயினும் பசுவுக்குத் தொழுவமும் தொட்டியும் அமைத்த நாம், ஆட்டைக் கறப்பதற்கென்று எதையும் அமைத்ததில்லை. அதன் மடி தரைக்கு மேல் ஒன்றரைச் சாண் உயரத்திலேயே தொங்குகிறது. கறப்பவர் குந்தி அமர்ந்து, அதன் பின்னங்கால் ஒன்றை முழங்கால் மடிப்பில் இடுக்கி, ஒரு கையில் செம்பைப் பிடித்து, மறு கையால் கறக்கிறார். ஆடு ஒரு முறை துள்ளினால் செம்பு கவிழும். நாளொன்றுக்கு அரை லிட்டர் கறக்கும் ஆட்டில் ஓர் உதை என்பது வீட்டுக் குழந்தையின் ஒரு வேளைப் பால்.

பெங்களூரின் ஆடுகோடியில் 1923-இல் கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்குமான மத்திய நிலையம் தோன்றியது. அதன் தலைமையகம் 1955-இல் கர்நாலுக்கு மாறியபின், ஆடுகோடி தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் தென்னகக் கிளையாயிற்று. 1927-இல் உடல் தேறுவதற்காக நந்திமலையிலும் பெங்களூரிலும் தங்கிய காந்தியடிகள் இந்நிலையத்துக்குச் சென்று, பசு வளர்ப்பு முறைகளைக் கேட்டறிந்தார். 1919 முதல் ஆட்டுப்பாலே அருந்தி வந்த அப்பெரியாரும் அங்குக் கற்க விரும்பியது பசுவைப் பற்றித்தான்! ஆட்டின்பால் நம் கவனம் என்றும் ஒரு படி பின்தங்கியே நிற்கிறது.

பெங்களூரின் ஓரங்களில் இரண்டு மூன்று ஆடுகளை வைத்துப் பிழைக்கும் நம்மவர், தச்சரை நாடாமலே ஒரு மேடை செய்துகொள்ளலாம். மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் சில்வர் ஓக் போதும். இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பலகையும் ஆகும். மேடை நான்கு அடி நீளம், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், பதினைந்து முதல் பதினெட்டு அங்குலம் உயரம் இருக்கட்டும். கால்களுக்குக் குறுக்குக் கட்டைகளை அடித்து இறுக்க வேண்டும். முதல் நாளே ஆட்டங்கொடுக்கும் மேடையில் ஆடு இரண்டாம் நாள் ஏறாது. பலகைகளுக்கிடையே குளம்பு சிக்கும் இடைவெளி கூடாது. மேலே பழைய ரப்பர் விரிப்பையோ சாக்கையோ அடித்துவிட்டால் வழுக்காது.

முன்பக்கத்தில்தான் வேலை நுட்பம் இருக்கிறது. இரண்டு உறுதியான தூண்களை நட்டு, அவற்றைக் கீழும் மேலும் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவே இரண்டு செங்குத்துச் சட்டங்களை நிறுத்துகிறோம். ஒன்று அசையாதது. மற்றொன்று அடியில் ஒரே போல்ட்டில் நின்று, மேலே பக்கவாட்டில் சாயக்கூடியது. அது சாயும்போது ஆடு தலையை நுழைக்கும். நிமிர்த்திக் கொக்கியிட்டால் கழுத்தருகே நான்கு அங்குல இடைவெளி மிஞ்சும். கழுத்து அசையலாம், தலை திரும்ப வெளிவராது. மேல்நாடுகளின் பால் ஆடுகளுக்குப் பெரும்பாலும் குட்டியிலேயே கொம்பைத் தீய்த்துவிடுவர். நம் ஆடுகளுக்குக் கொம்பு உண்டு. ஆகவே சட்டத்தின் மேற்பகுதி ஓர் அடிக்குக் குறையாமல் விரியுமாறு அமைக்க வேண்டும். சட்டங்களுக்கு அப்பால், தலை எட்டும் உயரத்தில் தீவனத்தொட்டியைப் பொருத்தலாம்.

இத்தொட்டியே மேடையின் உயிர் என்பது நம் கருத்து. கழுத்தைப் பூட்டி அடக்குவதற்காக மட்டும் மேடை கட்டுவோர் விரைவில் சலிப்படைவர். ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஆட்டை நாள்தோறும் மேடையேற்றி, கைப்பிடித் தவிடும் துவரம் பொட்டும் கொடுத்து, மடியைத் தொட்டுப் பழக்கி இறக்கிவிடுங்கள். சினை ஆட்டுக்கு ஏற ஒரு படிக்கட்டை வையுங்கள். பிறகு கயிறு பிடிக்க வேண்டியிராது; தொட்டியில் தவிடு விழும் ஓசைக்கே அது தாவி ஏறும்.

கறக்குமுன் மடியை வெதுவெதுப்பான நீரால் துடைத்து உலர்த்துங்கள். முதல் இரண்டு பீச்சல்களைக் கறுப்புக் கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் அது மடிநோயின் அறிகுறி. அந்தப் பாலைப் பாத்திரத்தில் சேர்க்காமல் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். குந்தியிருந்து கறந்த காலத்தில் நிழலில் மறைந்திருந்த மடி, இப்போது கண்ணுக்கு நேரே நிற்கிறது. காம்பை இழுக்காமல், மேலிருந்து விரல் விரலாக அழுத்துங்கள். தீவனம் தீருமுன் கறவை முடிய வேண்டும்; தீர்ந்தபின் கால் மாற்றத் தொடங்கும். கறந்த பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

கறவை வற்றியபின்னும் மேடை சும்மா இராது. குளம்பு சீவுவதற்கும், குடற்புழு மருந்து புகட்டுவதற்கும் இதுவே இடம். கீழிமையைத் தாழ்த்திப் பார்க்கவும் வசதியானது: உட்புறம் சிவந்திருந்தால் நலம், வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம்.

பூட்டிய ஆட்டை ஒரு கணமும் தனியே விட்டுச் செல்லாதீர்கள். கால் சறுக்கி மேடையிலிருந்து விழுந்தால் கழுத்து சட்டத்தில் தொங்கி உயிர் போய்விடும். பால் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோகுமுன் கொக்கியை எடுங்கள்.