திரைக்குப் பின்னே ஒரு பேரேடு

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு வீடு. முற்பகல் மணி பதினொன்று ஆக இன்னும் இரண்டு நிமிடங்கள் இருக்கின்றன. தாயாரை மருத்துவப் பரிசோதனைக்காக மறுநாள் இரவு பாண்டியன் விரைவு வண்டியில் சென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய ஒரு பெண், கைப்பேசித் திரையைப் பார்த்தபடி காத்திருக்கிறார். குளிர்சாதன வசதி இல்லாத படுக்கைப் பெட்டிகளுக்குத் தட்கல் முன்பதிவு பதினோரு மணிக்குத்தான் தொடங்கும். அதே வேளையில், சில கிலோமீட்டருக்கு அப்பால் மதுரைச் சந்திப்பின் முன்பதிவுச் சாளரத்தில் ஒரு முதியவர் விண்ணப்பத் தாளுடன் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார். பெங்களூரில் ஓர் இளைஞர், மதுரையில் இருக்கும் தம் உறவினருக்காகக் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார். மூவருக்கும் வேண்டியது ஒன்றே: அதே வண்டியில் ஒரு படுக்கை.

மணி பதினொன்று. மூவருடைய கோரிக்கைகளும் ஒரே விநாடியில் புறப்படுகின்றன. மீதம் இருப்பது ஒரே ஒரு படுக்கை என்று வைத்துக்கொள்வோம். அது ஒருவருக்குக் கிடைக்க வேண்டும். இருவருக்குக் கிடைத்துவிடக் கூடாது. யாருக்கும் கிடைக்காமல் வீணாகவும் கூடாது. டிக்கெட் கிடைக்காதவரின் பணம் போய்விடவும் கூடாது. கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் எவ்வாறு நடைபெறுகிறது?

விடை, நாம் காணும் வலைப்பக்கத்தில் இல்லை. அப்பக்கத்தை நடத்தும் நிரலுக்கும், அதன் பின்னே இருக்கும் தரவுத்தளத்துக்கும், வங்கி போன்ற பிற சேவைகளுக்கும் இடையே உள்ள இணைப்பில் இருக்கிறது. அந்த இணைப்பு எப்படிப்பட்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இணையத்துக்கு மூத்த பேரேடு

முற்காலத்தில் ரயில் முன்பதிவு என்பது காகிதப் பேரேட்டில் நடந்த வேலை. குறிப்பிட்ட வண்டிக்கு, குறிப்பிட்ட நாளுக்கு, ஒரு பேரேடு. அதில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஆகவே ஒரே படுக்கையை இருவருக்கு எழுதிவிடும் அபாயம் குறைவு. ஆனால் அந்தப் பேரேடு எங்கே இருக்கிறதோ, அந்தச் சாளரத்தின் முன்னே போய் நின்றாக வேண்டும்.

1985இல் புதுதில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. 1986இல் ரயில்வே தகவல் அமைப்புகள் மையம், சுருக்கமாக 'கிரிஸ்', நிறுவப்பட்டது. 'கான்சர்ட்' என்ற மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் முதலில் பயனுக்கு வந்தது. 1999இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒரே வலையமைப்பாக இணைந்தன. ஒவ்வொரு மையமும் தன் பகுதி வண்டிகளின் பேரேட்டை வைத்திருக்கும். மற்ற மையங்கள் கேட்டால் பதில் சொல்லும். பாண்டியன் வண்டியின் படுக்கையை எந்த ஊரில் இருந்து கேட்டாலும், கோரிக்கை கடைசியில் சென்னை மையத்தின் பேரேட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. ஐ.ஆர்.சி.டி.சி. வலைத்தளத்தில் டிக்கெட் விற்பனை தொடங்கியது 2002 ஆகஸ்ட் 3 அன்று. அதாவது பேரேடு முந்தியது, இணையம் பிந்தியது. சாளரத்தில் அமர்ந்த எழுத்தர்களுக்காக அமைத்த ஓர் அமைப்புக்கு, வீட்டில் அமர்ந்த கோடிக்கணக்கானோருக்காகப் புதிய வாசல் ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. பழைய வீட்டை இடிக்காமல் புதுவாசல் வைப்பது எளிதன்று. வலைப் பயன்பாடுகளைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் கலையின் சிக்கல்கள் அனைத்தும் இந்த ஓர் எடுத்துக்காட்டில் அடங்கிவிடுகின்றன.

மூன்று அடுக்குகள்

சார்பதிவாளர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். மனுக் கொடுப்பவர் வெளியே நிற்கிறார். எழுத்தர் மனுவைச் சரிபார்க்கிறார். ஆவணப் பேரேடு உள்ளே இருக்கிறது. பொதுமக்கள் யாரும் பேரேட்டைத் தாமே எடுத்து எழுதுவதில்லை.

வலைப் பயன்பாட்டிலும் இதே மூன்று அடுக்குகள். கைப்பேசித் திரை மனுத்தாள். நடுவில் இருக்கும் பயன்பாட்டு நிரல் எழுத்தர். தரவுத்தளம் பேரேடு. எழுத்தரின் வேலைகளில் பல எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவானவை: வந்தவர் யார் என்று பார்ப்பது, மனு முழுமையாக உள்ளதா என்று சோதிப்பது, உரிய பிரிவுக்கு அனுப்புவது, பதில் எழுதுவது. இவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாமல், ஆயத்தமாகக் கட்டித் தந்திருக்கும் அமைப்புக்கே 'வலைப் பயன்பாட்டுச் சட்டகம்' என்று பெயர். ரூபி மொழியில் ரெயில்ஸ் 2004இலும், பைதான் மொழியில் ஜாங்கோ 2005இலும், பி.எச்.பி. மொழியில் லாராவெல் 2011இலும் வெளிவந்தன. எந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டாலும் அடிப்படை ஒன்றே.

இந்த எழுத்தருக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்! கூட்டம் அதிகமாகும்போது ஒரே நிரலைப் பல கணிப்பொறிகளில் ஓட விடுகிறார்கள். நம் கோரிக்கை எந்தக் கணிப்பொறிக்குப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே வைத்திருந்தால், பழங்காநத்தத்துப் பெண்ணுக்கு ஒரு கணிப்பொறியும் பெங்களூர் இளைஞருக்கு இன்னொன்றும் அதே படுக்கையைக் கொடுத்துவிடும். ஆகவே உண்மை ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இடம் தரவுத்தளம். எழுத்தர்கள் எத்தனை பேர் ஆனாலும் பேரேடு ஒன்றே.

வாடகைச் சைக்கிள் போல

பயன்பாட்டு நிரல் தரவுத்தளத்துடன் எவ்வாறு பேசுகிறது? இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு கணிப்பொறிகளில் இருக்கும். முதலில் ஓர் இணைப்பை ஏற்படுத்த வேண்டும். அழைப்பு, பதில், ஒப்புதல் என்று மூன்று செய்திகள் போய்வர வேண்டும். பின்னர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட வேண்டும். இதற்காகத் தரவுத்தளக் கணிப்பொறி தன் நினைவகத்தில் சிறிது இடமும் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இவ்வளவையும் புதிதாகச் செய்தால், கேள்வி கேட்கும் நேரத்தைவிடக் கதவைத் தட்டும் நேரம் அதிகமாகிவிடும்.

முன்பு நம் ஊர்த் தெருக்களில் வாடகைச் சைக்கிள் கடைகள் இருந்தன. வெளியே போக வேண்டியவர் சைக்கிள் ஒன்றை எடுப்பார்; வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடுவார்; அடுத்தவர் எடுப்பார். பத்துச் சைக்கிள்கள் ஒரு தெருவுக்கே போதும். சட்டகங்களும் இவ்வாறே செய்கின்றன. சில இணைப்புகளை முன்பே திறந்து ஆயத்தமாக வைத்திருக்கின்றன. கோரிக்கை வந்ததும் ஓர் இணைப்பை எடுத்து, வேலையை முடித்து, திரும்ப வைக்கின்றன. இதை 'இணைப்புத் தொகுதி' எனலாம்.

சைக்கிளை எடுத்தவர் திருப்பி விடாவிட்டால்? கடை காலியாகிவிடும், மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள். நிரலிலும் இதே பிழை நேர்வதுண்டு. பெயர் பெற்ற 'போஸ்ட்கிரெஸ்' தரவுத்தளம், நாமாக மாற்றாவிட்டால், ஒரே சமயத்தில் சுமார் 100 இணைப்புகளையே ஏற்கும். நூறு இணைப்புகளையும் பற்றிக்கொண்டு விடாமலிருக்கும் நிரலால், தரவுத்தளம் நலமாக இருக்கும்போதே வலைத்தளம் முடங்கிப்போகும்.

இணைப்பு கிடைத்தபின் எதை அனுப்புவது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பயணி தட்டச்சு செய்த எழுத்துகளைக் கட்டளையோடு ஒட்டி அப்படியே அனுப்பினால், தீயவன் ஒருவன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கட்டளையையே எழுதி அனுப்பிவிடுவான். தரவுத்தளம் அதையும் உண்மைக் கட்டளை என்று நம்பி நிறைவேற்றிவிடும். அச்சிட்ட படிவத்தில் கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்புவதுபோல, கட்டளையைத் தனியாகவும் பயணியின் விவரத்தைத் தனியாகவும் அனுப்புவதே இதற்குத் தடுப்பு. நல்ல சட்டகங்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

ஒரு படுக்கை, மூன்று கைகள்

இப்போது நம் மூவரிடம் திரும்புவோம். எழுத்தர் முதலில் "படுக்கை காலியா?" என்று கேட்டு, "ஆம்" என்ற பதிலைப் பெற்று, பின்னர் "எழுதிக்கொள்" என்று சொன்னால் என்ன ஆகும்? கேள்விக்கும் கட்டளைக்கும் இடையே ஒரு நொடியின் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதற்குள் மற்ற இருவருக்கும் "ஆம்" என்ற பதில் போய்விடலாம். மூவரும் எழுதிவிடுவார்கள்.

ஆகவே கேள்வியையும் கட்டளையையும் பிரிக்கக் கூடாது. "காலியாக இருந்தால் மட்டும் இவர் பெயருக்கு எழுது, எத்தனை வரிகள் மாறின என்று சொல்" என்று ஒரே கட்டளையாகக் கொடுக்க வேண்டும். தரவுத்தளம் அந்த வரிக்கு ஒரு பூட்டுப் போடுகிறது. முதலில் வந்தவருக்கு "ஒரு வரி மாறியது" என்ற பதில் கிடைக்கிறது. அடுத்தவர் பூட்டுத் திறக்கும்வரை காத்திருக்கிறார். திறந்ததும், படுக்கை காலியாக இல்லாததால், "எந்த வரியும் மாறவில்லை" என்ற பதிலைப் பெறுகிறார். பழைய காகிதப் பேரேட்டில் ஒரே பேனா இருந்ததல்லவா? அந்தப் பேனாதான் இந்தப் பூட்டு.

ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வரி மட்டும் மாறுவதில்லை. படுக்கை, பயணியின் பெயர், பயணச்சீட்டு எண், கட்டணம் என்று பல வரிகள் மாற வேண்டும். நடுவே மின்சாரம் நின்றுபோனால்? பாதி எழுதிய பேரேடு எழுதாத பேரேட்டைவிடக் கேடானது. இதற்காகவே 'பரிவர்த்தனை' என்ற கருத்து பிறந்தது. எல்லாம் நடக்க வேண்டும், அல்லது ஒன்றுமே நடந்திருக்கக் கூடாது, இடைநிலை கிடையாது. இக்கருத்தை வளர்த்து உறுதிப்படுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் ஜிம் கிரே. அவருக்கு 1998இல் கணிப்பொறியியலின் உயரிய பரிசான டூரிங் விருது வழங்கப்பட்டது.

பூட்டுக்கு அப்பால்

ஆனால் நம் பெண்ணின் பணம் ரயில்வேயின் தரவுத்தளத்தில் இல்லை. அது ஒரு வங்கியில் இருக்கிறது. ரயில்வேயின் பூட்டு வங்கியின் பேரேட்டைப் பூட்டாது. இங்கேதான் மிகக் கடினமான சிக்கல் எழுகிறது.

கடைக்காரரிடம் தொலைபேசியில் ஒரு மூட்டை அரிசி அனுப்பச் சொல்கிறோம். அவர் பதில் சொல்லுமுன் தொடர்பு அறுந்துவிடுகிறது. அவர் காதில் விழுந்ததா, இல்லையா? மறுபடி சொன்னால் இரண்டு மூட்டை வந்து சேரலாம். சொல்லாமல் இருந்தால் ஒன்றும் வராமல் போகலாம். "பதில் வரவில்லை" என்பதற்கு "நடக்கவில்லை" என்று பொருள் இல்லை. "தெரியவில்லை" என்றே பொருள். பின்னணிச் சேவைகளை இணைக்கும் நிரலாளர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

தீர்வும் அந்த உவமையிலேயே இருக்கிறது. "சீட்டு எண் 12இன்படி ஒரு மூட்டை அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டால், அதே எண்ணை எத்தனை முறை திரும்பச் சொன்னாலும் கடைக்காரர் ஒரு மூட்டைதான் அனுப்புவார். வலைப் பயன்பாடும் ஒவ்வொரு பணக் கோரிக்கைக்கும் தனி எண் இட்டு, அதைத் தன் தரவுத்தளத்தில் முதலில் எழுதிவைத்த பின்னரே வங்கிக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி, "இது என்ன ஆயிற்று?" என்று கேட்க வேண்டும். பின்னர் இரு பேரேடுகளையும் ஒப்புநோக்கி, பணம் எடுக்கப்பட்டும் டிக்கெட் எழுதப்படாத கணக்குகளுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். பணம் போய் டிக்கெட் வராதபோது, சில நாட்களில் பணம் கணக்குக்குத் திரும்பிவருவது இந்த ஒப்புநோக்கலால்தான்.

இதுபோன்ற வெளிச் சேவைகள் பெருகிவருகின்றன. 2025 ஜூலை 1 முதல் வலைத்தளத்திலும் செயலியிலும் தட்கல் டிக்கெட் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும். இதனால் சங்கிலியில் மற்றொரு கண்ணி கூடியிருக்கிறது. வெளிச் சேவை ஒன்று தாமதித்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது "இயலவில்லை" என்று நேர்மையாகச் சொல்வது என்பதையும் நிரலாளர் முன்பே முடிவு செய்துவைக்க வேண்டும்.

கூட்டமும் பழைய படமும்

2014இல் ஐ.ஆர்.சி.டி.சி. வலைத்தளம் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் திறன் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட்டுகளில் இருந்து 7,200ஆக உயர்ந்தது. 2025 மே 22 அன்று முன்பதிவு அமைப்பில் ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. வாங்குபவர்களைவிட, "இடம் இருக்கிறதா?" என்று பார்ப்பவர்கள் பன்மடங்கு. இவர்கள் ஒவ்வொருவருக்காகவும் பேரேட்டைத் திறந்தால் எழுத வந்தவருக்கு வழி கிடைக்காது. ஆகவே இத்தகைய வலைத்தளங்களில், பார்ப்பவர்களுக்கென்று விவரத்தின் ஒரு நகலை விரைவு நினைவகத்தில் வைத்து, அதிலிருந்தே பதில் சொல்வது வழக்கம்.

அந்த நகல் சில விநாடிகளுக்கு முன் எடுத்த புகைப்படம் போன்றது. "இடம் இருக்கிறது" என்று திரை காட்டியும், பொத்தானை அழுத்தியதும் காத்திருப்போர் பட்டியலில் நம் பெயர் விழுவதற்கு இது ஒரு காரணம். படம் பொய் சொல்லவில்லை. எடுத்த பிறகு காட்சி மாறிவிட்டது. பார்ப்பதற்கு நகல் போதும், எழுதுவதற்கு மூலப் பேரேடுதான் வேண்டும் என்ற விதியை மீறும் வலைத்தளம், இல்லாத படுக்கையை விற்றுவிடும்.

பழங்காநத்தத்துப் பெண்ணின் திரையில் பச்சை நிற அடையாளம் தோன்றுமா, இல்லையா என்பது மூவரில் எவருடைய கோரிக்கை பேரேட்டை முதலில் அடைந்தது என்பதைப் பொறுத்தது. அதில் யாருக்கும் வருத்தம் இருக்கலாம். அநீதி இருக்கக் கூடாது. சாளரத்தில் நின்ற முதியவரின் கோரிக்கையும், இணையத்தின் வழி வந்த கோரிக்கைகளும் ஒரே பேரேட்டின் ஒரே வரியில் சந்திப்பதால்தான் அது இயலுகிறது.

நிரலாக்கம் பயிலும் நம் மாணவர்கள் பலர் திரையை அழகாக அமைப்பதில் ஆர்வம் காட்டுகிறார்கள். அது வேண்டியதே. ஆனால் சட்டகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடும். பூட்டு, பரிவர்த்தனை, சீட்டு எண், ஒப்புநோக்கல் ஆகியவை மாறுவதில்லை. ஒரு தரவுத்தளத்தை வீட்டுக் கணிப்பொறியிலேயே நிறுவி, ஒரே படுக்கைக்கு ஒரே நேரத்தில் நூறு கோரிக்கைகளை அனுப்பிப் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் "ஆம்" என்ற பதில் வந்தால், நீங்கள் பேரேட்டைச் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள்.