கிட்வாய் நகர் கணக்கு: "செலவே இல்லாமல்" எழுந்த மாடிகள்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிட்வாய் நகருக்கு நடந்தே திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ஒரு காலத்தில் ஏராளம். பிள்ளைகளுக்கு லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளி அருகிலேயே இருந்தது. குடும்பத் தலைவருக்கு ஏதோ ஒரு 'பவனில்' கிளார்க் உத்தியோகம். மாடி அதிகமில்லாத சர்க்கார் குவார்ட்டர்ஸ், முன்னால் கொஞ்சம் புல்தரை, வேப்பமர நிழல். மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் சி.பி.டபிள்யூ.டி. புகார் ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும் என்பதும் அந்த வாழ்க்கையில் சேர்ந்ததுதான்.

மத்திய மந்திரியாக இருந்தபோதே 1954இல் காலமான ரஃபி அகமது கிட்வாயின் பெயர் தாங்கிய அந்தப் பேட்டையின் கிழக்குப் பகுதியில் பழைய வீடுகள் இன்று இல்லை. 86 ஏக்கர் நிலத்தில் இருந்த சுமார் 2,400 குவார்ட்டர்ஸ்கள் இடிக்கப்பட்டு, 4,600க்கும் அதிகமான வீடுகள் அடுக்குமாடிகளாக எழுந்துவிட்டன. அவற்றோடு அலுவலகக் கட்டடங்களும் வந்தன. வேலையை நடத்தியது என்.பி.சி.சி. என்ற பொதுத்துறை நிறுவனம். செலவு 5,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இவ்வளவுக்கும் சர்க்கார் கஜானாவிலிருந்து பணம் போகவில்லை என்பதே இத்திட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்பட்டது. 'தன் செலவைத் தானே ஈட்டும் திட்டம்' என்று அதற்குப் பெயர். கேட்பதற்கு இனிமையான பேச்சு. ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு ஒன்று தெரியும்: பணம் கொடுக்காமல் வீட்டுக்கு ஒரு சாமான் வந்தால், வேறு ஏதோ ஒன்று வீட்டிலிருந்து போயிருக்கிறது.

போனது என்ன? நிலத்தின் மேல் கட்டிக்கொள்ளும் உரிமை. நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தளப்பரப்புக் குறியீடு இரண்டு என்று விதி இருந்தால் அதில் 4,800 சதுர அடி கட்டலாம். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 60 அடி அகலச் சாலை மேல் இருக்கும் மனைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னும் பாதி சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆக 7,200 சதுர அடி. பூமி ஓர் அங்குலம்கூட வளரவில்லை. காகிதத்தில் ஓர் எண் மாறியது, 2,400 சதுர அடி பிறந்துவிட்டது. கட்டுகிறவருக்குக் கிடைக்கும் ஊக்கம் இதுவே. நோட்டை எண்ணிக் கொடுப்பதில்லை என்பதால் எந்த பட்ஜெட்டிலும் இது செலவாகத் தெரிவதில்லை.

டில்லியில் இதை 'எஃப்.ஏ.ஆர்.' என்கிறார்கள். 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 2021 மாஸ்டர் பிளான், பழைய பகுதிகளை இடித்துப் புதுப்பிக்கும் திட்டங்களுக்கு வழக்கமான அளவுக்கு மேல் 50 சதவீதம் வரை கூடுதலாகத் தர இடம் கொடுத்தது. இப்படி அதிகமாகக் கட்டி, ஒரு பங்கை வியாபாரத்துக்கு விட்டு, அந்தப் பணத்தில் வீடுகளைக் கட்டுவதுதான் சூத்திரம்.

இதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். முறையைப் பொறுத்தவரை குற்றமில்லை. பழைய வீடுகள் இற்றுப்போயிருந்தன. குவார்ட்டர்ஸுக்கு வரிசையில் காத்திருந்து, அது கிடைப்பதற்குள் ரிடையர் ஆனவர்கள் உண்டு. நகரின் நடுவே அதிகம் பேர் குடியிருக்க முடிந்தால், துக்ளக்காபாத்துக்கு அப்பாலிருந்து தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவருக்கு நல்லதுதானே? எவ்வளவு கொடுக்கப்பட்டது, யாருக்கு, அதற்கு மாற்றாக ஊருக்கு என்ன வந்தது என்ற மூன்றும் ஒரே தாளில் சாமானியன் கைக்குக் கிடைப்பதில்லை. குறை அங்கேதான்.

கிட்வாய் நகரோடு இது முடியவில்லை. 2016 ஜூலையில் மத்திய மந்திரிசபை, சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு காலனிகளுக்கு இதே வழியை அங்கீகரித்தது. 12,970 வீடுகளுக்குப் பதில் சுமார் 25,600 வீடுகள்; முப்பது ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து 32,835 கோடி ரூபாய். நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரின் சில பகுதிகளிலும் வர்த்தகத் தளங்களை விற்று அந்தப் பணத்தைத் திரட்டுவது ஏற்பாடு. நௌரோஜி நகர் மனையில் இன்று 'வேர்ல்டு டிரேட் சென்டர்' என்ற பெயரில் பன்னிரண்டு கோபுரங்கள்.

ஜனங்களுக்கு விஷயம் எட்டியது எப்போது? மரங்களில் கோடாலி பட்டபோது. ஏழு காலனிகளிலும் சேர்ந்து பதினாறாயிரம் மரங்களுக்கு மேல் போகும் என்ற செய்தி பரவி, 2018 ஜூனில் சரோஜினி நகரில் ஆண்களும் பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். விவகாரம் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. ஜூன் 25 அன்று, மறு விசாரணை வரை மரம் வெட்டுவதில்லை என்று என்.பி.சி.சி. ஒப்புக்கொண்டது, தடை பிறகு நீடித்தது. வரைபடங்களை மாற்றுவதாக அமைச்சகம் சொன்னது. கவனிக்க வேண்டியது தேதிதான். மந்திரிசபை முடிவு 2016இல். தெருவில் கேள்வி எழுந்தது 2018இல். இடைப்பட்ட இரண்டு வருஷம் மரத்தடியில் குடியிருந்தவர்களுக்கே அதன் விலை தெரியாது.

விசித்திரம் என்னவென்றால், இதே விவரங்கள் இன்னொரு கூட்டத்தாருக்கு உடனுக்குடன் கிடைத்தன. என்.பி.சி.சி. 2012 முதல் பங்குச் சந்தையில் இடம் பெற்ற நிறுவனம். நௌரோஜி நகரில் மின்-ஏலம் முடிந்ததும், எத்தனை சதுர அடி எத்தனை கோடிக்கு விற்றது, விற்பனைக் கட்டணமாகத் தனக்கு ஒரு சதவீதம் என்றெல்லாம் சந்தைக்குத் தெரிவித்துவிடும். சட்டப்படி சரி. பங்கு வைத்திருப்பவருக்குப் போகும் அந்தத் தாள், குவார்ட்டர்ஸில் பால் பாக்கெட்டுக்கு நிற்பவருக்கும் ஏன் போகக்கூடாது?

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 1957ஆம் ஆண்டின் டில்லி அபிவிருத்திச் சட்டத்தில் 11-ஏ பிரிவின்படி, மாஸ்டர் பிளானை மாற்றுமுன் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். 2021இல் வெளியான 2041 நகல் திட்டத்துக்கு 33,000க்கு மேல் மனுக்கள் வந்தன என்றால் ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிவிப்பை ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும்! இன்ன பாராவில் இன்ன வரிக்குப் பதில் இன்ன வரி என்று இருக்கும். இதனால் எத்தனை சதுர அடி கூடுகிறது, அதன் சந்தை மதிப்பு என்ன என்று ஒரு வரி இராது. ஆபீசில் வருஷக்கணக்காக 'நோட்டிங்' எழுதிய கைகளுக்கே அது பிடிபடாது.

நியூயார்க் நகரில் 1961 முதல் இப்படி ஒரு பேரம் உண்டு. கட்டடத்தின் அடியில் பொதுமக்களுக்குத் திறந்த இடம் விட்டால் மேலே கூடுதல் தளம் கட்டிக்கொள்ளலாம். பல வருஷம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 2000ஆம் ஆண்டில் முழுப் பட்டியல் வெளிவந்தபோது அப்படிப்பட்ட இடங்கள் 503 இருப்பதும், அவற்றில் பத்துக்கு நான்கு யாருக்கும் உருப்படியாகப் பயன்படாதவை என்பதும் தெரிந்தது. மேல் தளங்கள் மட்டும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. பட்டியல் வந்த பிறகுதான் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடிந்தது.

டில்லிக் காலனிகளுக்கு அப்படி ஒரு பட்டியல் வேண்டுமென்றால் கேட்டுத்தான் பெற வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனுக் கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்குக் கெடு முப்பது நாள். சர்க்கார் ஊழியருக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி, புதிய வீடுகள் எத்தனை என்பதல்ல, எந்த டைப்பில் எத்தனை என்பது. கிளார்க்குக்கு உரியது டைப் 2. உதவிப் பிரிவு அதிகாரிக்கு டைப் 3. கிழக்கு கிட்வாய் நகரில் டைப் 2 முதல் மூத்த அதிகாரிகளுக்கான பெரிய வீடுகள் வரை உண்டு. வீட்டு எண்ணிக்கை இரட்டிப்பானது என்ற செய்தியில் இந்தப் பிரிவினை அடங்காது. கூடுதல் தளப்பரப்பு எந்த உத்தரவின்படி தரப்பட்டது, விற்ற பரப்பு எவ்வளவு, வந்த பணத்தில் கட்டுமானத்துக்கு எவ்வளவு, கட்டணமாக எவ்வளவு, வெட்டிய மரங்களுக்குப் பதிலாக நட்டவை எங்கே, அவற்றில் பிழைத்தவை எத்தனை என்பவையும் அதே மனுவில் அடங்கும். மனு எழுத ஒரு முழுத்தாள் போதும்.